புழுங்கல் அரிசியும் ஒரு புட்டி மார்மைட்டும்: பி உயிர்ச்சத்துக் குறைவுக்கு மருந்து கண்ட கதை



கடந்த தவணையில் பெற்றோர் சந்திப்பு நாளன்று நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார் என் மேசைக்கு வந்தார். தேர்ச்சி அறிக்கையில் கையொப்பமிட்ட பிறகும் அவர் எழுந்து செல்லவில்லை. "டீச்சர், பிள்ளை எப்பவும் சோர்வா இருக்கா. இரத்தம் கம்மின்னு சொல்றாங்க. பார்மசியில பி காம்ப்ளக்ஸ் வாங்கிக் கொடுத்தா சரியாப் போயிடுமா?" என்று கேட்டார். முதலில் கிளினிக்கிற்கு அழைத்துச் சென்று இரத்தப் பரிசோதனை செய்யுங்கள், எந்தச் சத்து குறைந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு பிறகு மருந்து வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஏன் அப்படி என்று விளக்க அன்று நேரமில்லை. அந்த 'ஏன்' என்பதற்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றின் முதன்மையான ஓர் இயல் நம் நாட்டில், கோலாலம்பூரிலும் நெகிரி செம்பிலானிலும் நடந்தது. நம் பாட்டன் பாட்டிமார் உண்ட சோற்றுக்கும் அதில் பங்குண்டு. அந்தத் தாயாருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் மூன்று வேளையும் புழுங்கல் அரிசிதான். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு அந்தச் சோற்றைப் பிறர் பார்க்கத் திறப்பதற்கே எனக்கு வெட்கம். தோழியரின் சோறு மல்லிகைப்பூப் போல வெண்மையாக இருக்கும். என்னுடையதோ பருத்து, பழுப்பேறி, தனி மணம் வீசும். "தோட்டத்துச் சோறு" என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். அன்று மாலை அம்மாவிடம் சண்டை பிடித்தேன். சியாம் வெள்ளரிசி வாங்கும் வரையில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா அடுத்த மாதமே வாங்கினார். அந்தத் தோட்டத்துச் சோற்றின் பெருமையைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்து அறிந்தேன்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களுக்குச் சீனத் தொழிலாளர்கள் திரள் திரளாக வந்தார்கள். அவர்களைப் பெரிபெரி என்ற நோய் தாக்கியது. முதலில் கால்கள் மரத்துப்போகும். பிறகு நடை தள்ளாடும். கெண்டைக்கால் சதை வற்றிவிடும். சிலருக்கு மாறாக உடல் முழுவதும் நீர் கோத்து வீங்கும், மூச்சு இரைக்கும், ஒருநாள் இதயம் நின்றுவிடும். சுரங்கத் தொழிலாளரிடம் மட்டுமன்றிச் சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் இந்நோய் குடிகொண்டிருந்தது. இது தொற்றுநோய் என்றே பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினார்கள். 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தொடங்கப்பெற்று, பின்னர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று பெயர் பெற்ற நிலையத்தின் முதல் இயக்குநரான ஹாமில்டன் ரைட்டும் இது கிருமியால் வருவது என்றே வாதிட்டார். அக்காலத்தை எண்ணினால் அவரைக் குறைசொல்ல முடியாது. காலரா, காசநோய் என்று ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கிருமி அகப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஒன்று உடலுக்குள் புகுந்து நோயைத் தரும் என்று எண்ணிப் பழகியவர்களுக்கு, ஒன்று உடலில் இல்லாததால் நோய் வரும் என்ற எண்ணம் எளிதில் தோன்றவில்லை.

ஆயினும் அதற்கான குறிப்புகள் முன்னரே கிடைத்திருந்தன. ஜப்பானியக் கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ, 1880களில் மாலுமிகளின் வெள்ளைச் சோற்றைக் குறைத்து இறைச்சியும் பார்லியும் சேர்த்துக் கடற்படையிலிருந்து பெரிபெரியை ஏறத்தாழ விரட்டிவிட்டார். ஜாவாவின் பத்தாவியா நகரில் டச்சு மருத்துவர் கிறிஸ்தியான் எய்க்மன் வளர்த்த கோழிகள் 1889இல் கால் தள்ளாடி விழுந்தன. சில மாதங்களில் தாமாகவே குணமடைந்தன. விசாரித்ததில், இடைப்பட்ட காலத்தில் படைத்துறை மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றை அவற்றுக்குப் போட்டிருந்தது தெரிந்தது. புதிதாக வந்த சமையற்காரர், படைவீரர்களுக்கான சோற்றை இந்தக் கோழிகளுக்குத் தரமாட்டேன் என்று மறுத்துவிட, கோழிகள் தீட்டாத அரிசிக்கு மாறிப் பிழைத்துக்கொண்டன. ஒரு சமையற்காரரின் பிடிவாதம் மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. வகுப்பில் இக்கதையைச் சொன்னால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த லியோனர்ட் பிராடன், நோயாளிகளின் இனத்தையும் அவர்கள் உண்ட அரிசியையும் ஒப்பிட்டுப் பார்த்தார். சீனர்கள் சியாமிலிருந்து வரும் தீட்டிய வெள்ளரிசியை உண்டார்கள். அவர்களுக்குப் பெரிபெரி மிகுதி. கம்பத்து மலாய்க்காரர்கள் தாங்கள் விளைத்த நெல்லை அவ்வப்போது குத்தி உண்டார்கள். அவர்களிடம் நோய் அரிது. தோட்டங்களிலும் சாலைப் பணியிலும் இருந்த தமிழர்கள், அதே மண்ணில், அதே மழையில், பல சமயம் அதைவிட மோசமான குடியிருப்புகளில் வாழ்ந்தும் பெரிபெரிக்கு ஆளாகவில்லை. அவர்கள் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. பிராடன் 1907இல் இதையெல்லாம் விரிவான நூலாக வெளியிட்டார். வெள்ளரிசி பழையதாகும்போது அதில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்பது அவர் முடிவு. காரணத்தில் தவறினாலும் அரிசிதான் குற்றவாளி என்று சுட்டிய விரல் சரியான இடத்தில் நின்றது.

இதைச் சோதித்துப் பார்த்தவர் வில்லியம் பிளெட்சர். அவர் பொறுப்பிலிருந்த கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் 1905ஆம் ஆண்டு பெரிபெரி கடுமையாகப் பரவியிருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் நோயாளிகளை உணவுக்கூடத்தில் வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண்ணினர் கிழக்குக் கட்டடத்துக்குப் போனார்கள். அவர்களுக்கு வழக்கமான சியாம் வெள்ளரிசி. இரட்டைப்படை எண்ணினர் மேற்குக் கட்டடத்துக்கு. அவர்களுக்குப் புழுங்கல் அரிசி. மற்ற உணவில் வேறுபாடில்லை. கட்டடங்களும் ஒரே மாதிரியானவை. இடத்தில்தான் குற்றமோ என்ற ஐயம் நீங்க, இடையில் இரு பிரிவினரையும் கட்டடம் மாற்றிப் பார்த்தார். 1906 டிசம்பர் இறுதியில் கணக்கெடுத்தபோது வெள்ளரிசி உண்ட 120 பேரில் 36 பேருக்குப் பெரிபெரி. அவர்களுள் 18 பேர் இறந்துபோனார்கள். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் நோய் கண்டவர்கள் இருவரே. அவ்விருவரும் காப்பகத்துக்கு வரும்போதே நோயுடன் வந்தவர்கள். ஒருவரும் பெரிபெரியால் இறக்கவில்லை.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். அறிவியல் வகுப்பில் 'கட்டுப்படுத்தப்பட்ட மாறி' என்று நாம் கற்பிப்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு உள்நாட்டில் கிடைப்பது அரிது. ஆனால் இறந்த 18 பேரை யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஒப்புதல் தரும் நிலையிலும் அவர்கள் இல்லை. வரிசையில் ஓர் அடி தள்ளி நின்றிருந்தால் பிழைத்திருப்பார்கள். அவர்களின் பெயர் எந்தப் பாடநூலிலும் இல்லை. இந்தச் சோதனையை மாணவர்களுக்குச் சொல்லும்போது இரண்டையும் சேர்த்தே சொல்லுமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

பிளெட்சரின் முடிவை எல்லோரும் உடனே ஏற்கவில்லை. மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டான்டனும் அடுத்த சோதனையை நெகிரி செம்பிலானில், துரியான் திப்புஸ் என்ற காட்டுப் பகுதியில் செய்தார்கள். அங்கே சாலை போட வந்த 300 ஜாவானியத் தொழிலாளர்கள் இரு பிரிவாக்கப்பட்டார்கள். முன்பு எவரும் குடியிருக்காத இடமாதலால், பழைய தொற்று என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளரிசிப் பிரிவில் மூன்று மாத அளவில் பெரிபெரி தலைகாட்டியது. புழுங்கல் அரிசிப் பிரிவில் இல்லை. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் பிரிவு மாறியது. பிறகு கோழிகளை வைத்து ஆராய்ந்து, அரிசியைத் தீட்டும்போது கழியும் தவிட்டில்தான் காக்கும் பொருள் இருக்கிறது என்று நிறுவினார்கள். 1910இல் மணிலாவில் கூடிய தூரக்கிழக்கு வெப்பமண்டல மருத்துவச் சங்கம், தீட்டிய வெள்ளரிசியே முதன்மை உணவாக இருப்பது பெரிபெரிக்குக் காரணம் என்று தீர்மானம் நிறைவேற்றியது.

புழுங்கல் அரிசியில் அப்படி என்ன நடக்கிறது? நெல்லை உமியோடு ஊறவைத்து, ஆவியில் அவித்து, உலர்த்திய பிறகே குத்துகிறார்கள். ஊறும்போதும் அவியும்போதும் தவிட்டுப் பகுதியிலுள்ள நீரில் கரையும் சத்துகள் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகின்றன. பிறகு எவ்வளவு தீட்டினாலும் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும். பச்சரிசியைத் தீட்டினால் தவிட்டோடு சத்தும் போய்விடும். இந்தியாவிலும் இதே வேறுபாட்டைக் காண முடிந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அரிதாயிருந்த பெரிபெரி, தீட்டிய பச்சரிசி உண்ட வட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் நிலைத்திருந்தது. நெல்லை அவித்த நம் முன்னோர் உயிர்ச்சத்தை அறிந்து அவித்தார்கள் என்று மேடையில் பேசுவது மிகை என்பது என் கருத்து. அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது, பூச்சி அரிக்காமல் நாள்படத் தாங்கும். அந்தப் பயனுக்காகச் செய்தது உயிரையும் காத்தது.

அந்தக் காப்பும் நிலையானதாக இல்லை. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் இந்திய அரிசி வரவில்லை. தோட்டத்து மக்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிடித்தார்கள். சியாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரக்கணக்கான தமிழர்களுக்குக் கிடைத்தது புழுத்துப்போன வெள்ளரிசி. காலரா, மலேரியா, வயிற்றுப்போக்கு ஆகியவற்றோடு பெரிபெரியும் அவர்களைக் கொன்றது. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் அதே சமூகம் அந்நோய்க்கு ஆளாகாததைக் கண்டு மருத்துவர்கள் வியந்திருந்தார்கள். அரிசி மாறியது, வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. சிங்கப்பூர்ச் சாங்கி முகாமில் கைதிகளாக இருந்த மருத்துவர்களும் பெரிபெரியோடு போராட நேர்ந்தது. மருந்தில்லாத நிலையில் அரிசித் தவிட்டையே நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள்.

இந்தக் காக்கும் பொருளுக்குப் பெயர் வந்தது 1912இல். காசிமிர் பங்க் என்பவர் 'வைட்டமைன்' என்ற சொல்லை உருவாக்கினார். சில ஆண்டுகளில் 'நீரில் கரையும் பி' என்று ஒரு பொருளுக்குப் பெயரிட்டார்கள். அது ஒரே பொருள் என்றே முதலில் எண்ணினார்கள். ஆராய ஆராய அது பிரிந்துகொண்டே போனது. பெரிபெரியைத் தீர்ப்பது பி1 என்று ஆனது. 1926இல் பத்தாவியாவில் அதைப் படிகமாகப் பிரித்தார்கள். 1936இல் அமெரிக்காவில் ராபர்ட் வில்லியம்ஸ் அதைச் செயற்கையாகச் செய்தார். இன்று பெரிபெரிக்கு அதுவே மருந்து; இதயம் தாக்கப்பட்டவருக்கு ஊசி வழி கொடுத்தால் விரைவிலேயே தேறுகிறார். நம் மாணவி தாயார் சொன்ன 'பி காம்ப்ளக்ஸ்' என்பதில் உள்ள 'காம்ப்ளக்ஸ்', ஒன்று என்று எண்ணியது பலவாகிப் போன இந்தக் கதையின் மிச்சம். இந்தக் குடும்பத்தில் ஒருவர் வேலையை மற்றவர் செய்வதில்லை.

இனி இரத்தசோகைக்கு வருகிறேன். புழுங்கல் அரிசி தோட்டத்து மக்களைப் பெரிபெரியிலிருந்து காத்ததே தவிர, அவர்களை நலமாக வைத்திருக்கவில்லை. கொக்கிப்புழுவும் மலேரியாவும் அவர்கள் இரத்தத்தைக் குடித்தன. அது பெரும்பாலும் இரும்புச்சத்தும் இரத்த அணுக்களும் இழந்து வரும் சோகை. உலகில் இன்றும் மிகப் பரவலாக இருப்பது இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகைதான். அதில் இரத்தச் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறிப்போகும். இதற்கு நேர்மாறாக, சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருத்து, எண்ணிக்கையில் குறைந்துபோகும் இன்னொரு சோகை உண்டு. அதன் மருந்துதான் பி குடும்பத்தில் ஒளிந்திருந்தது.

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்கள் கடுமையான சோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். வில்ஸ் அவர்களின் வீட்டு அடுப்படிவரை சென்று என்ன உண்கிறார்கள் என்று பார்த்தார். காய்கறி, பழம், புரதம் மிகக் குறைந்த உணவு. ஏழை முஸ்லிம் பெண்களிடம் நோய் மிகுதி. அவர் 1929இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931இல் சென்னைத் திருவல்லிக்கேணியிலுள்ள கோஷா மருத்துவமனையிலும் பணியாற்றினார் என்பதைத் தமிழர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது. எலிகளுக்கும் குரங்குகளுக்கும் அதே ஏழை உணவைக் கொடுத்துச் சோகை வரவழைத்தார். பிறகு ஒவ்வொரு சத்தாகச் சேர்த்துப் பார்த்தார். அவற்றில் பலன் தந்தது மார்மைட்.

ஆம், நம் வீடுகளில் காய்ச்சல்காரப் பிள்ளையின் கஞ்சியில் ஒரு கரண்டி கலக்கிக் கொடுக்கிறோமே, அதே மார்மைட். மது வடிக்கும் ஆலைகளில் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து 1902 முதல் இங்கிலாந்தில் செய்யப்பட்டு வந்த மலிவான பொருள். முதல் உலகப்போரில் பெரிபெரியைத் தடுக்கப் படைவீரர்களுக்கும் அதைக் கொடுத்திருக்கிறார்கள். சாகும் நிலையிலிருந்த பெண்களுக்கு வில்ஸ் அதைக் கொடுத்தபோது சில நாள்களிலேயே புதிய சிவப்பணுக்கள் தோன்றின. 1931இல் இதைப் பிரிட்டிஷ் மருத்துவ ஏட்டில் வெளியிட்டார். மார்மைட்டில் உள்ளது எந்தப் பொருள் என்று அப்போது அவருக்கும் தெரியாது. 'வில்ஸ் காரணி' என்று உலகம் அதை அழைத்தது.

அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு பாதை திறந்திருந்தது. கொடுஞ்சோகை என்றொரு நோய். வந்தால் சாவு உறுதி. 1926இல் மினோட், மர்பி என்னும் இரு மருத்துவர்கள் 45 நோயாளிகளுக்கு நாள்தோறும் ஈரல் உண்ணக் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். அரைவேக்காட்டு ஈரலை நாள்தோறும் கால் கிலோவரை தின்பது எவ்வளவு கொடுமை என்று எண்ணிப் பாருங்கள். உயிராசை அதையும் செய்யவைத்தது. 1934இல் அவ்விருவருக்கும், முன்னோடி ஆய்வு செய்த விப்பிளுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்நோயாளிகளின் வயிற்றில் சுரக்கவேண்டிய ஒரு பொருள் சுரப்பதில்லை, அதனால் உணவிலுள்ள சத்தை உடல் ஏற்பதில்லை என்று கேசில் என்பவர் 1929இல் காட்டினார். உண்பது போதாது, அது உடலில் சேரவும் வேண்டும் என்பது அதனால் தெளிவாயிற்று.

அப்படியானால் ஈரலில் உள்ளதும் மார்மைட்டில் உள்ளதும் ஒன்றுதானா? வில்ஸ் இதையும் சோதித்தார். கச்சா ஈரல் சாறு அவருடைய நோயாளிகளைக் குணமாக்கியது. கொடுஞ்சோகையைத் தீர்க்கும் தூய்மையாக்கிய ஈரல் சாறு குணமாக்கவில்லை. ஆகவே இரண்டும் வெவ்வேறு என்று 1930களிலேயே உணர்ந்துவிட்டார். 1941இல் டெக்சாஸில் டன் கணக்கில் பசலைக்கீரையை அரைத்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். வில்ஸ் தேடியது இதுவே என்று பின்னர் தெரிந்தது. டெக்சாஸ் குழுவிலிருந்த ரோஜர் வில்லியம்ஸ் உதகமண்டலத்தில் பிறந்தவர். நான் மேலே சொன்ன பி1 புகழ் ராபர்ட் வில்லியம்ஸின் உடன்பிறந்த தம்பி. அண்ணன் பிறந்தது நெல்லூரில்.

ஃபோலிக் அமிலத்தை 1945இல் செயற்கையாகச் செய்து காட்டிய லெடர்லி நிறுவனக் குழுவை வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திராவின் பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, உரிய பட்டத்துக்குப் பதில் தாழ்ந்த பட்டமே பெற்றார். சத்து உடலில் சேராமல் வயிறு கழியும் ஸ்ப்ரூ என்ற நோயால் அவருடைய சகோதரர் இருவர் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள். அவரும் அந்நோயில் விழுந்து எழுந்தவர். அந்நோயின் சோகைக்கு ஃபோலிக் அமிலம் மருந்தாகும் என்பதை அவர் வாழ்நாளிலேயே பார்த்துவிட்டார். 1948இல் காலமானார்.

பெற்றோர்கள் கூர்ந்து படிக்கவேண்டியது இதற்குப் பின் நடந்ததைத்தான். ஃபோலிக் அமிலம் மலிவாகக் கிடைத்ததும் கொடுஞ்சோகை நோயாளிகளுக்கும் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தம் அழகாகத் தேறியது. ஈரலிலிருந்து விடுதலை கிடைத்ததென்று மகிழ்ந்தார்கள். சில மாதங்கள் கழித்து அந்நோயாளிகளுள் பலருக்குப் பாதம் மரத்தது, நடை தடுமாறியது, தண்டுவடம் கெட்டது. இரத்தக் கணக்கு நலம் என்று சொல்லிக்கொண்டிருக்க, நரம்புகள் உள்ளே அழிந்துகொண்டிருந்தன. அவர்களிடம் குறைந்திருந்தது ஈரலில் உள்ள வேறொரு பொருள். 1948இல் அமெரிக்காவில் மெர்க் நிறுவனத்தாரும் இங்கிலாந்தில் கிளாக்ஸோ நிறுவனத்தாரும் அதைச் செந்நிறப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். அதுவே பி12. நாளொன்றுக்கு நமக்குத் தேவைப்படுவது இரண்டு மூன்று மைக்ரோகிராம். ஒரு சர்க்கரைத் துகளைவிடக் குறைவு. அதன் சிக்கலான அமைப்பைக் கண்டறிந்தவர் டோரதி ஹாட்ஜ்கின். 1964இல் நோபல் பரிசு பெற்றார்.

இதை நான் நூலில் படித்து மறந்திருப்பேன். என் அம்மாவால் மறக்க முடியாமல் போயிற்று. அப்பா மறைந்த பிறகு அம்மா மரக்கறிக்கு மாறிவிட்டார். முட்டையும் தொடமாட்டார், பாலும் தேநீரில் ஒரு சொட்டுதான். இனிப்புநீருக்குப் பத்தாண்டுக்கும் மேலாக மெட்போர்மின் மாத்திரை. இளைப்பும் சோர்வும் வந்தபோது ஒரு கிளினிக்கில் இரத்தம் குறைவு என்று சொல்லி இரும்பு மாத்திரையும் ஃபோலிக் அமிலமும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் இரத்த அளவு ஏறியது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. பாதம் மரத்திருக்கிறது என்று அம்மா சொன்னபோது, இனிப்புநீர்க்காரர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்றார்கள். நானும் அதையே அவரிடம் திருப்பிச் சொன்னேன். குளியலறையில் கண்ணை மூடி முகம் கழுவும்போது சாய்ந்து விழுந்தார். அதன் பிறகு வேறிடத்தில் பார்த்த இளம் மருத்துவர் ஒருவர்தான் என்ன சாப்பிடுகிறார் என்று முதன்முறையாகக் கேட்டார். பி12 அளவு மிகவும் தாழ்ந்திருந்தது. முதலில் நாள் விட்டு நாள் ஊசி, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சோர்வு சில வாரங்களில் போயிற்று. பாதத்தில் பாதி உணர்ச்சிதான் திரும்பியது. நரம்பு காத்திருக்காது என்றார் மருத்துவர்.

பி12 இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான் இயல்பாக உள்ளது. கீரையிலும் பருப்பிலும் இல்லை. உடலின் சேமிப்பு சில ஆண்டுகள் தாங்குமாதலால் குறைவு மெதுவாகவே வெளிப்படும். மெட்போர்மின் நீண்டகாலம் உண்போருக்கு அச்சத்து சேர்வது குறையலாம். இரைப்பை அறுவை செய்தவர்களும் முதியவர்களும் கவனிக்கவேண்டியவர்களே. முற்றிலும் மரக்கறி உண்ணும் தாயிடம் பால் குடிக்கும் குழந்தைக்கும் இக்குறைவு வரும். அது மூளை வளர்ச்சியையே பாதிக்கும். மருத்துவம் எளிது: ஊசி, அல்லது நாள்தோறும் 1000 மைக்ரோகிராம் அளவிலான மாத்திரை. வயிற்றில் அந்தச் சுரப்பு இல்லாதவருக்கும் அவ்வளவு பெரிய அளவில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு தானாக ஊடுருவிவிடும். அதுவே போதுமானதாக இருக்கும். நரம்புத் தொல்லை தொடங்கிவிட்டால் ஊசியைத்தான் பெரும்பாலும் தேர்வுசெய்கிறார்கள். ஈஸ்ட்டில் இயல்பாக பி12 இல்லை. இன்றைய மார்மைட்டில் அது சேர்க்கப்படுகிறது, புட்டியின் முகச்சீட்டைப் பாருங்கள்.

ஃபோலிக் அமிலத்தைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. கருவுறத் திட்டமிடும் பெண்களுக்கு அது இன்றியமையாதது. 1991இல் வெளியான பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் குழுவின் சோதனையில், முதுகுத்தண்டுக் குறையுடைய குழந்தையை முன்பு பெற்ற தாய்மாருக்குக் கருவுறுமுன்பே அதைக் கொடுத்தபோது அக்குறை மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைந்தது. பொதுவாக நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் பரிந்துரைக்கப்படுகிறது. கருவுற்றது தெரிந்த பிறகு தொடங்கினால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும் என்பதைத் திருமண வயதுப் பெண் உள்ள வீடுகளில் சொல்லிவையுங்கள்.

அந்த மாணவியின் தாயார் இரண்டு வாரம் கழித்துப் பள்ளி வாயிலில் என்னைப் பார்த்துச் சொன்னார். பிள்ளைக்கு இரும்புச்சத்துதான் குறைவாம். புழுவுக்கும் மருந்து கொடுத்திருக்கிறார்கள். பி காம்ப்ளக்ஸ் வாங்கவில்லை. "நீங்க சொல்லலைன்னா அதைத்தான் ஆறு மாசம் கொடுத்திருப்பேன், டீச்சர்" என்றார்.

அம்மாவுக்கு அடுத்த ஊசி பள்ளி விடுமுறையின் முதல் வாரத்தில். வீட்டில் இப்போது மீண்டும் புழுங்கல் அரிசிதான். வாங்கி வந்தது நான். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "தோட்டத்துச் சோறு வேணாம்னு நின்னவதானே நீ?" என்று கேட்டார்.